கொச்சி கண்டவன்

"கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டா, கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டா" என்பது மலையாள நாட்டில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பழமொழி. பட்டணத்தின் பெருமையைப் பேசுவதற்கும், வெளியூர் சென்று ஊரை மறந்தவனைக் கேலி செய்வதற்கும் இதனை எடுத்தாள்வர். சிரித்துக்கொண்டே சொல்லப்படும் சொல்தான். ஆயினும் சற்று நின்று கேட்போமானால், அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு பெரிய கேள்வி இருப்பது புலப்படும். மனிதன் எதற்காக வீட்டை விட்டுப் புறப்படுகிறான்? புறப்பட்ட காரணத்தையே அவன் எவ்வாறு மறந்துபோகிறான்?

வாழ்வில் முன்னேற வேண்டும் என்ற ஆசை ஆன்மிகத்துக்குத் தடையா என்று அன்பர்கள் பலர் கேட்பதுண்டு. படிக்கும் இளைஞர்கள் கேட்கின்றனர். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோரும் கேட்கின்றனர். இந்தப் பழமொழியைத் துணையாகக் கொண்டு அக்கேள்வியைச் சிந்தித்துப் பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

'அச்சி' என்ற சொல் தமிழருக்கு அந்நியமானதன்று. நாம் மரியாதையுடன் 'ஆச்சி' என்று அழைப்பதன் உறவுச் சொல் அது. பழைய மலையாள வழக்கில் நாயர் குலப் பெண்ணையும், மனைவியையும் அது குறித்தது. 'உண்ணியச்சி சரிதம்' என்னும் பழைய மணிப்பிரவாள நூலின் பெயரிலேயே இச்சொல்லைக் காணலாம். 'இல்லம்' என்பது நமக்கு எந்த வீடும் ஆகலாம். மலையாளத்தில் அது சிறப்பாக நம்பூதிரிகளின் வீட்டைக் குறிக்கும். ஆகவே பழமொழி கூறுவது இதுதான்: கொச்சித் துறைமுகத்தின் வளத்தைக் கண்டவன் மனைவியை வேண்டான், கொல்லத்தின் செழிப்பைக் கண்டவன் வீட்டை வேண்டான்.

கொல்லம் மிகப் பழைய துறைமுகம். கேரளத்தில் இன்றும் வழங்கும் கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது. அங்கு வணிகருக்கு உரிமைகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கி.பி. 849-ஐச் சேர்ந்தவை. கொச்சியோ பின்னால் எழுந்தது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மணலால் தூர்த்து, கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரும் கூறும் செய்தி. ஆகவே இவ்விரு ஊர்களையும் சேர்த்துப் பேசும் பழமொழி, கொச்சி வளர்ந்து பெயர்பெற்ற பிறகே இந்த வடிவத்தை அடைந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். யார் முதலில் சொன்னார் என்பது தெரியாது. பழமொழிகளுக்கு ஆசிரியர் இல்லை; அவற்றை அனுபவமே இயற்றுகிறது.

அந்த அனுபவம் எத்தகையது? 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனக் கப்பல்களுடன் வந்த மா ஹுவான் கொச்சி மக்களை ஐந்து பிரிவினராகப் பகுத்து எழுதினார். அவர்களில் செல்வந்தர்களாகிய பிரிவினரை அவர் 'செட்டி' என்றே குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் போர்த்துக்கீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் வந்தனர். கொச்சியின் வணிக இதயமாக விளங்கிய மட்டாஞ்சேரியில் குஜராத்தியரும், கொங்கணியரும், யூதரும், கச்சு நாட்டு வணிகரும், தமிழரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினர். மிளகும் இஞ்சியும் ஏலமும் குவிந்த பண்டகசாலைகள் உப்பங்கழியின் கரையில் வரிசையாக எழுந்தன. உள்நாட்டுச் சிற்றூரிலிருந்து படகேறி வந்த ஓர் இளைஞனுக்கு இக்காட்சி எப்படித் தோன்றியிருக்கும்! அவன் ஊரில் ஓராண்டில் காணும் பணத்தை இங்கே ஒரு வணிகர் ஒரு காலைப்பொழுதில் கைமாற்றிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்த இளைஞன் வீட்டை வெறுத்துப் புறப்பட்டவன் அல்லன். வீட்டுக்காகவே புறப்பட்டவன். கடன் தீரவேண்டும், கூரை வேயவேண்டும், தங்கைக்கு நகை வேண்டும் என்று எண்ணிப் படகேறியவன். 'அச்சி வேண்டா' என்ற நிலை அவன் கொண்டுவந்தது அன்று. கொச்சியைக் கண்டபின் அவனுக்குள் உண்டானது. பழமொழியின் உயிர் 'கண்டவன்' என்ற சொல்லில் இருக்கிறது.

காண்பதிலிருந்து மறப்பது வரை

இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் படிப்படியாக விளக்குகிறார். புலனுக்கு உரிய ஒன்றை மனம் திரும்பத் திரும்ப நினைக்கிறது. அதனால் பற்று உண்டாகிறது. பற்று ஆசையாக முதிர்கிறது. ஆசை தடைபடும்போது சினம் எழுகிறது. சினத்தால் மயக்கமும், மயக்கத்தால் நினைவு இழப்பும், அதனால் புத்தியின் அழிவும் நேர்கின்றன. புத்தி அழிந்தவன் தானே அழிகிறான்.

கொச்சி கண்டவனின் கதையை இப்படிகளில் வைத்துப் பாருங்கள். முதலில் அவன் கண்டான். இரவில் படுக்கும்போதும் அதையே எண்ணினான். பற்று வந்தது. 'இன்னும் ஒரு பருவம் இருந்து பார்ப்போம்' என்ற ஆசை வந்தது. அப்போது ஊரிலிருந்து செய்தி வருகிறது: தாய்க்கு உடல்நலமில்லை, வந்து போ. முன்பு தேனாக இனித்த ஊர்ச்செய்தி இப்போது இடையூறாகத் தோன்றுகிறது; எரிச்சல் மூளுகிறது. எவருக்காகப் பொருள் தேட வந்தானோ அவர்களே பொருள் தேடுவதற்குத் தடையாகிவிட்டனர்! இதைவிடப் பெரிய மயக்கம் எது?

பகவான் குறிப்பிடும் நினைவு இழப்பு, பெயரையும் முகவரியையும் மறக்கும் மறதி அன்று. சாஸ்திரமும் ஆசாரியரும் உபதேசித்ததால் உள்ளத்தில் பதிந்த சம்ஸ்காரங்களிலிருந்து எழும் நினைவே அங்கே கருதப்படுவது என்று ஆதிசங்கரர் தம் உரையில் தெளிவுபடுத்துகிறார். எது சரி, எது தவறு, நான் யாருக்குக் கடமைப்பட்டவன் என்று சமயத்தில் உள்ளிருந்து எழுந்து உணர்த்தும் நினைவு அது. கொச்சி கண்டவனுக்கு மனைவியின் பெயர் மறக்கவில்லை. அவள் காத்திருக்கிறாள் என்பதன் பொருள்தான் மறந்துவிட்டது.

பழமொழியில் 'வேண்டா' என்ற தீர்ப்பைச் சொல்பவன் அவன் ஒருவனே. அச்சியின் கருத்தை யாரும் கேட்கவில்லை. இல்லத்தின் திண்ணையில் அமர்ந்து வழிபார்த்திருக்கும் முதியவர்களையும் கேட்கவில்லை. எல்லை கடந்த ஆசையின் கணக்கில் எப்போதும் இப்படித்தான்: வரவை எழுதுபவன் ஒருவன், செலவைச் சுமப்பவர் வேறு சிலர்.

மட்டாஞ்சேரியில் 1957-ஆம் ஆண்டு மிளகு வணிகத்துக்காக ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அங்கே மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்தது. பின்வரும் மாதமொன்றில் தரவேண்டிய மிளகுக்கு இன்றே விலை பேசுவது அது. வணிகத்தில் அதற்குப் பயன் உண்டு. விலை ஏற்ற இறக்கத்திலிருந்து உழவரையும் வணிகரையும் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் மனமும் இதே வணிகத்தை இடைவிடாது நடத்துகிறது. இன்னும் வராத ஒரு மகிழ்ச்சிக்காகக் கையிலிருக்கும் இன்றைய நாளை விலையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தவணை வந்ததும் அந்த மகிழ்ச்சியைப் பெற்றுக்கொள்கிறதா என்றால், அதுவும் இல்லை. அதைவிடப் பெரிய ஒன்றுக்கு மீண்டும் முன்பேரம் பேசுகிறது. ஆசையை ஒருபோதும் நிரம்பாத நெருப்பு என்று கீதை கூறுவது இதனால்தான்.

கொச்சிக் கோட்டையிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. 1498-இல் கடல்வழியாக இந்தியாவை அடைந்து உலக வரலாற்றையே திருப்பிய வாஸ்கோ டகாமாவின் கல்லறை அது. 1519-இல் தாய்நாட்டில் பிரபுப் பட்டமும் பெற்றிருந்த அவர், 1524-இல் அரசப் பிரதிநிதியாக மூன்றாம் முறை இந்தியாவுக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே, அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கொச்சியில் உயிர்நீத்தார். 1539-இல் அவருடைய எலும்புகள் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. வீடு திரும்புதல் அவருக்கு அந்த வடிவில்தான் வாய்த்தது. வெறுமையான அந்தக் குழியின் முன் நிற்பவருக்குப் பழமொழி தானாகவே நினைவுக்கு வரும்.

முசிறியிலிருந்து ஒரு குரல்

அப்படியானால் பொருள் தேடுவதே பிழையா? நம் முன்னோர் அவ்வாறு கூறவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கில் பொருளுக்கும் இன்பத்துக்கும் உரிய இடத்தைத் தந்தனர். அறத்துக்கு முரண்படாத ஆசையாக உயிர்களிடத்தில் விளங்குபவன் தானே என்று பகவானும் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் அருளியிருக்கிறார். தமிழ் இலக்கணமோ 'பொருள்வயிற் பிரிவு' என்று அதற்கு ஒரு துறையே வகுத்தது. தலைவன் பொருளுக்காகப் பிரிகிறான். ஆனால் எந்தப் பருவத்தில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் பிரிகிறான். கார்காலம் வந்தால் அவன் தேர் வரவேண்டும். வராவிட்டால் அது அவன் சொல்லுக்கு இழுக்கு. போவதற்கு அனுமதி உண்டு. திரும்பும் காலத்துக்கு எல்லையும் உண்டு.

கொச்சிக்கு முன்னோடியாக அதே பெரியாற்றின் கழிமுகத்தில் செழித்தது முசிறி. யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றின் 149-ஆம் பாடலில் இருக்கிறது. வரலாற்று நூல்கள் யாவும் எடுத்துக்காட்டும் பாடல் இது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் இயற்றியது. ஆனால் அப்பாடல் எதைப் பற்றியது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பொருள் தேடப் புறப்படத் தூண்டும் தன் நெஞ்சோடு தலைவன் பேசுவதாக அமைந்த பாடல் அது. கரடிகள் திரியும் நெடுவழியைக் கடந்துசென்று, கிடைத்தற்கரிய பெருஞ்செல்வத்தை நீ எளிதாகவே பெறுவாய் ஆயினும் நான் உன்னோடு வரப்போவதில்லை என்று அவன் நெஞ்சுக்குச் சொல்லிவிடுகிறான். காரணம், சுனையில் மலர்ந்த நீலப்பூக்களைப் போன்ற அவள் கண்கள் நீர் கொள்ளும் என்பதே.

முசிறியின் பொன்னையும் மிளகையும் நன்கு அறிந்த ஒருவன் அவற்றைத் தராசின் ஒரு தட்டிலும், ஒருத்தியின் கண்ணீரை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கிறான். பொன் இலேசாகிவிடுகிறது. கொச்சி கண்டவனும் 'வேண்டா' என்றான். இவனும் 'வேண்டா' என்கிறான். ஒருவன் விட்டது மனைவியை. மற்றவன் விட்டது பொருளை. கடற்கரை ஒன்று, சொல் ஒன்று, வாழ்வு வேறு.

எல்லோரும் இந்தத் தலைவனைப் போல வீட்டிலேயே இருந்துவிட முடியாது. இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மட்டாஞ்சேரியும் கொச்சிக் கோட்டையும் அதற்குச் சாட்சி. கோவாவில் நேர்ந்த துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த கொங்கணியர் இங்கே தங்கள் வேங்கடாசலபதிக்குக் கோயில் எழுப்பினர். 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்தில் தொழுதவர்கள் தலைமுறைகள் பல கடந்தும் ஜெருசலேமை மறவாதிருந்தனர். 1948-இல் இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலோர் அங்குச் சென்றனர். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டதாகத் தம் முன்னோரைப் பற்றிக் கூறும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் கொச்சிக் கோட்டையை அடுத்த வேலிப் பகுதியில் தமிழை விடாமல் வாழ்ந்துவருகின்றன. இவர்கள் யாவரும் கொச்சியைக் கண்டவர்களே. ஆனால் இல்லத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு வந்தவர்கள். தொலைவு மறதியை உண்டாக்குவதில்லை.

துறவியும் 'இல்லம் வேண்டா' என்றவர்தானே?

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். வீட்டையும் உறவையும் விட்டுவிடுவதைத்தானே துறவிகளும் செய்கின்றனர்? வணிகனைக் குறைகூறிவிட்டுத் துறவியை வணங்குவது எந்த வகையில் நியாயம்?

இதற்கு விடை மட்டாஞ்சேரியிலிருந்து வெகு தொலைவில் இல்லை. அதே பெரியாற்றின் கரையிலுள்ள காலடியில் ஆதிசங்கரர் அவதரித்தார். இளம் வயதிலேயே அவர் இல்லம் வேண்டா என்றார். ஆனால் தாய் ஆரியாம்பாளின் அனுமதியைப் பெறாமல் அவர் புறப்படவில்லை. இறுதிக் காலத்தில் நினைத்தவுடன் வந்து நிற்பேன் என்று வாக்களித்தே சென்றார். பாரதம் முழுவதும் திக்விஜயம் செய்து, எங்கும் பெரும்புகழ் பெற்ற நிலையிலும், அன்னையின் இறுதி நேரத்தில் காலடிக்குத் திரும்பினார். துறவிக்கு உரியதன்று என்று உறவினர் மறுத்தபோதும் தம் கையாலேயே ஈமக்கடனைச் செய்து முடித்தார் என்று சங்கர விஜய நூல்கள் கூறுகின்றன.

உலகமே தமதென உணர்ந்த ஞானிக்குத் தாயின் நினைவு தடையாகவில்லை. காசு தேடப் போனவனுக்கோ தாயின் அழைப்பு தடையாகிவிட்டது. வணிகனின் 'வேண்டா' என்பது இன்னொரு பெரிய 'வேண்டும்' என்பதன் நிழல். துறவியின் 'வேண்டா' என்பது 'வேண்டும்' ஓய்ந்தபின் எஞ்சும் நிறைவு. அவாவறுத்தல் அதிகாரத்தில் திருவள்ளுவர் ஒப்பற்ற செல்வம் என்று போற்றும் வேண்டாமை இந்த நிறைவேயாகும். 'வேண்டும்' ஓயாமல் காவியை மட்டும் உடுத்தியவனுக்கும் ஒரு கொச்சி காத்திருக்கும். சீடர் கூட்டமும், மேடையும், புகழுமே அந்தக் கொச்சியின் பண்டகசாலைகள். ஆகவே இப்பழமொழி இல்லறத்தாருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அன்று.

அரண்மனைச் சுவர் சொல்வது

இல்லறத்தாருக்கு உரிய விடையையும் மட்டாஞ்சேரியே தருகிறது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், 1663-க்குப் பின் டச்சுக்காரர் பழுதுபார்த்ததுமான அரண்மனை அங்கு இருக்கிறது. மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. தசரதரின் வேள்வியில் தொடங்கும் கதை, ஸ்ரீராமர் சீதாதேவியுடன் அயோத்தி திரும்புவது வரை தொடர்கிறது.

வெளியே உலகின் செல்வமெல்லாம் வந்திறங்கும் துறைமுகம். உள்ளே, கண் விழித்ததும் மன்னர் காணவேண்டிய காட்சி, வீடு திரும்பும் ஓர் அரசகுமாரனின் கதை! ஸ்ரீராமரும் கடல் கடந்தார். பொன்மயமான இலங்கையைக் கண்டார், அதை வென்றார். வென்ற நகரில் தங்குவதற்குக் காரணம் தேட அவருக்குத் தோன்றவில்லை. அரசை விபீஷணருக்கு அளித்துவிட்டு, பதினான்கு ஆண்டுத் தவணை முடிகிறதே, பரதன் காத்திருப்பானே என்று விரைந்தார். இல்லாளுக்காக இலங்கை சென்றவர் இலங்கைக்காக இல்லத்தை மறக்கவில்லை. அரும்பெரும் செயல் முயல்வோர்க்கு இதுவே இலக்கணம்.

இன்றைய கொச்சிகள்

இன்று கொச்சி பல ஊர்களில் இருக்கிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் ஓர் அலுவலகத்தின் அடுத்த மாடியிலும்கூட இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு வீடு ஆளின்றிக் கிடந்தது. வெளிநாட்டு வருமானத்தில் எழுப்பப்பட்டுப் பூட்டப்பட்ட வீடுகளும் அவற்றுள் உண்டு. பழமொழியின் காலத்தில் மனிதன் இல்லத்தை வேண்டாமல் விட்டான். இன்றோ அரும்பாடுபட்டு இல்லத்தைக் கட்டுகிறான். அதில் வாழத்தான் அவனுக்கு நேரம் இல்லை.

அன்பர்கள் ஊக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் உயரட்டும்; தொலைதூரம் செல்லட்டும். ஆனால் புறப்படும்போதே இரண்டு செய்திகளை உறுதி செய்துகொள்வோம். யாருக்காகப் போகிறோம் என்பது ஒன்று. எவ்வளவு கிடைத்தால் போதும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கொச்சியைக் காண்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். கண்டபின் முடிவு செய்பவன் நாம் அல்லன், ஆசை. அந்த நினைவு மங்காதிருக்கவே நாள்தோறும் சிறிது நேரப் பிரார்த்தனையும், சாஸ்திரப் படிப்பும், சத்சங்கமும் நமக்கு விதிக்கப்பட்டுள்ளன. வாரந்தோறும் ஊருக்குப் பேசும் ஐந்து நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பேசுவதும் ஒரு சாதனையே.

இந்த உலகமே நாம் சில காலம் வந்து வணிகம் செய்யும் துறைமுகம். நம் உண்மையான இல்லம் இறைவனின் திருவடி. அச்சியையும் அன்னையையும் மறந்தவன் அந்த இல்லத்தை எவ்வாறு நினைப்பான்? அருகிலிருப்பவரை மறவாதிருக்கக் கற்பவனே என்றுமிருப்பவனை மறவாதிருக்கவும் கற்கிறான். எந்தக் கொச்சியைக் கண்டாலும் இல்லத்தின் நினைவு நீங்காத புத்தியை ஸ்ரீராமபிரான் நம் அனைவருக்கும் அருள்வாராக!